எண்பது கிராம் பார்லி

நேரில் பார்த்தால் 'வாங்க அண்ணி' என்பேன். அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் 'அவள்' என்பேன். பதினாலு வருஷமாக என் நாக்கு இப்படியே பழகிவிட்டது, இனிமேல் திருத்தச் சொன்னால் திருந்தாது. அதனால் இங்கேயும் அவள் என்றுதான் வரும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரருக்கு அவள் ஒரே அக்கா. எனக்கு ஒரே நாத்தனார். ஒன்றே போதும் என்று ஆண்டவனுக்கே தோன்றியிருக்க வேண்டும்.

இரும்புக் குழாய் செய்கிற தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் அவளுக்கு வேலை. எண்ணூறு பேர் சாப்பிடுகிற இடம் அது. அங்கே அவளைக் 'கிராம் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு வெங்காயத்தைக் கையில் வைத்த மாத்திரத்தில் எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவாள். தராசில் போட்டுப் பார்த்தால் இரண்டு கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் தலைமைச் சமையல்காரர் வம்புக்காகத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தாராம். "எழுவது. அதுல ரெண்டு கிராம் அழுக்கு" என்று திருப்பிக் கொடுத்தாளாம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்தது என் வீட்டுக்காரர். அக்கா புராணம் பாட அவருக்கு அலுக்கவே அலுக்காது.

அவளுக்கு இந்தக் கிராம் பைத்தியம் பிறவியில் வந்தது இல்லை. தம்பிக்கு ஒன்பது வயதில் சர்க்கரை நோய் வந்தது. சின்ன வயதிலேயே வருகிற வகை அது, மாத்திரைக்கு அடங்காது, ஆயுசு முழுக்க ஊசிதான். அப்போது அவளுக்கு இருபது வயது. அம்மா போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பா இருந்தும் இல்லாத கணக்கு. ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளை உட்கார வைத்துச் சொன்னாராம்: சாப்பாட்டில் எத்தனை கிராம் மாவுச்சத்து போகிறதோ அதற்கேற்ற ஊசி போட வேண்டும். ஊசி குறைந்தால் சர்க்கரை ஏறும், அது மெதுவாகக் கெடுக்கும். ஊசி கூடிவிட்டால் சர்க்கரை இறங்கும், அது காத்திருக்காது. மறுநாளே அவள் ஒரு தராசு வாங்கிவிட்டாள்.

அதோடு நிற்கவில்லை. அதே ஆஸ்பத்திரியின் பத்தியச் சமையலறையில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, காய் நறுக்கி, பிறகு தட்டு எடை போடுகிற மேசைக்கு வந்து, அங்கேயே இருபத்திரண்டு வருஷம் இருந்தாள். நோயாளிக்கு இத்தனை கிராம் என்று சீட்டு வரும். வெந்ததை, தட்டில் வைக்கப்போகிறதை, எடை போட்டு அனுப்ப வேண்டும். உலகத்தில் எடை என்றால் அவளுக்கு அதுதான் எடை. நடுவில் பெண் கேட்டு நாலைந்து பேர் வந்தார்களாம். "தம்பியும் கூட வருவான், தராசும் கூட வரும்" என்றிருக்கிறாள். தம்பிக்குத் தலையாட்டியவர்கள்கூடத் தராசைக் கேட்டதும் செருப்பைத் தேடினார்கள் என்று அவளே சொல்லுவாள்.

அந்த வீட்டுக்குத்தான் நான் மருமகளாகப் போனேன். மாமியார் இல்லாத வீடு என்று என் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். முதல் நாள் நான் அடுப்பை மூட்டியதும் அவள் வந்து பக்கத்தில் தராசை வைத்தாள். நான் சுட்ட ரொட்டியில் ஓரத்தைப் பிய்த்து எடுத்தாள். பார்த்துப் பார்த்துச் சுட்டது. நான் தையற்காரி, அளவு தெரியாதவள் இல்லை. ஆனால் துணியைத்தான் அளந்து வெட்டுவேன், சாப்பாட்டைக் கண்ணால் பார்த்துப் போடுவேன். "உன் கண்ணு அழகாத்தான் இருக்கு. அதுல கிராம் தெரியாது" என்றாள். அன்றைக்கு எனக்கு 'கண்ணளவுக்காரி' என்று பட்டம் கிடைத்தது. பிறகு நாங்கள் இரண்டு தெரு தள்ளித் தனியாக வந்துவிட்டோம். பட்டம் மட்டும் கூடவே வந்தது.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். அவள் தன் தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டதே இல்லை. ஒருமுறை கெட்டிலை அடுப்பில் வைத்து மறந்துபோய்க் கருக்கிவிட்டாள். "இந்த அடுப்பு செஞ்சவனுக்குக் கூறு இல்ல" என்றாள். நான் அடுப்பைப் பார்த்தேன், அடுப்பு என்னைப் பார்த்தது. என்றைக்காவது இந்த வாயிலிருந்து 'தப்பு என்னுது' என்று ஒரு வார்த்தை வராதா என்று நான் நேர்த்திக்கடன் வைக்காத குறையாகக் காத்திருந்தேன்.

ஆனாலும் அவர் உயிரோடு இருந்தது அவளால்தான். அதை நான் மறுத்தால் என் நாக்கு அழுகிப்போகும். சர்க்கரை நோயோடு ஒரு மனிதர் அதே தொழிற்சாலை முற்றத்தில் எண்பது அடி உயரக் கிரேன் ஓட்டுகிறார் என்றால் சும்மாவா? வருஷா வருஷம் டாக்டர் சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒவ்வொரு வருஷமும் போட்டார்கள், ஏனென்றால் அவர் சாப்பாடு அப்படி, கணக்கு அப்படி. அந்தக் கேபினில் ஏறி உட்கார்ந்தால்தான் அவருக்கு மனுஷன் என்ற நினைப்பே வரும். 'சர்க்கரைப் பையன்' என்று பள்ளிக்கூடத்தில் யாரும் விளையாட்டில் சேர்க்காத ஆள் அவர். மேலே இருந்து பார்த்தால் எல்லாரும் எறும்பு மாதிரித் தெரிகிறார்கள் என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இந்த வருஷம் வெயில் ஏறத் தொடங்கியபோது தொழிற்சாலை நிர்வாகத்துக்குத் திடீரென்று எல்லாருடைய ஆரோக்கியத்தின் மேலும் அக்கறை வந்தது. கேன்டீனில் பார்லி சாலட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். எழுதிய தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்கள்: ஒரு டப்பாவுக்குப் பார்லி எண்பது கிராம், கேரட் முப்பது, வெள்ளரி நாற்பது, குடைமிளகாய் இருபது, முட்டைக்கோஸ் நாற்பது, எண்ணெய் ஐந்து, எலுமிச்சைச் சாறு கொஞ்சம். அறுபது டப்பா போட வேண்டும். பொறுப்பு கிராம் அக்காவுக்கு.

வெளியிலிருந்து சத்துக் கணக்குப் பார்க்கிற பெண் ஒருத்தி வந்தாள். வந்தவள் அடுப்பங்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தாளைப் பார்த்து, அட்டவணையைப் பார்த்து, லேபிள் அடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். மூடியில் பச்சை எழுத்தில் ஒட்டியிருக்கும்: கலோரி முன்னூற்று அறுபது, மாவுச்சத்து எழுபது கிராம், புரதம் பத்து, நார்ச்சத்து பதினாலு. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. சாப்பாடு கையில் வருகிறது, கணக்கு மூடியிலேயே வருகிறது, போட்டது அக்கா கை. இதைவிட என்ன வேண்டும்? அன்றோடு நான் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸுக்கு ஓய்வு கொடுத்துவிட்டார். "தினம் உனக்கு எதுக்குக் கஷ்டம்" என்றார். கஷ்டமாம். நான் தையல் மெஷினை மிதித்தேன்.

பத்து கிராமுக்கு ஒரு யூனிட் ஊசி. எழுபதுக்கு ஏழு. மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊசி, உடனே டப்பா, ஒரு மணிக்குக் கிரேன். அவருடைய நாள் இப்படித்தான் ஓடியது.

இரண்டாவது வாரம் தொந்தரவு ஆரம்பித்தது. மூன்று மணி வாக்கில் கை நடுங்குகிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்றார். வெயில் என்று நினைத்தோம். சட்டைப் பையில் வைத்திருக்கும் சர்க்கரைக் கட்டியை வாயில் போட்டால் சரியாகிவிடும். முன்பெல்லாம் மாதம் ஒன்று செலவானால் அதிகம். இப்போது வாரத்துக்கு ஒரு பொட்டலம் காலியானது. துணி துவைக்கிறவள் நான்தானே, பைக்குள் பிசுபிசுப்பு எனக்குத்தான் முதலில் தெரியும். டாக்டர் இரவு ஊசியைக் குறைத்தார். ஒன்றும் மாறவில்லை.

ஒரு நாள் பாரம் அந்தரத்தில் தொங்க, கிரேனை நிறுத்திவிட்டு இருபது நிமிஷம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கீழே நின்று கைச்சைகை காட்டுகிற சிக்னல்காரர் வாக்கி-டாக்கியில் கத்தோ கத்தென்று கத்தியிருக்கிறார். முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அடுத்த வாரம் குழாய்க் கட்டு ஒரு லாரியின் பக்கவாட்டில் உரசியது. இரண்டாவது கடிதம். மூன்றாவது வந்தால் கேபினிலிருந்து இறங்கிவிட வேண்டும், மறுபடி ஏற முடியாது. அதற்கு முன்னாலேயே மேலே ஏதாவது ஆகிவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணி தம்பியைத்தான் பிடித்துக்கொண்டாள். "நீ கணக்கைத் தப்பாப் போடுற. இல்லைன்னா ஊசியப் போட்டுட்டு டப்பாவுல பாதிய வச்சிடுற. இல்லைன்னா திருட்டுத்தனமா எதையோ தின்னுட்டு அதுக்கும் சேத்துப் போடுற" என்று நாற்பத்திரண்டு வயது ஆளைப் பையனை விசாரிக்கிற மாதிரி விசாரித்தாள். அவர் இல்லை அக்கா, இல்லை அக்கா என்று தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். டப்பா மேல் சந்தேகம் வர அவளுக்கு வழியே இல்லை. எண்பது என்றால் எண்பதுதான் போட்டிருக்கிறாள், எழுபத்தொன்பது இல்லை, எண்பத்தொன்று இல்லை. பிறகு எப்படித் தப்பும்?

ஒரு வெள்ளிக்கிழமை மின்சாரம் போய்ப் பாதி நாளிலேயே வேலையை விட்டுவிட்டார்கள். அவர் டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அப்படி என்னதான் இந்தத் தேவாமிர்தம் என்று நான் அதைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். எல்லாம் முட்டைக்கோஸும் வெள்ளரியும். பார்லியைத் தனியாக ஒதுக்கினால் ஒரு கைப்பிடி தேறியது. மூடியைப் பார்த்தேன், மாவுச்சத்து எழுபது. தட்டைப் பார்த்தேன், ஒரு கைப்பிடி. பதினாலு வருஷம் அவள் தராசோடு மல்லுக்கட்டியவள் நான். இந்தக் கைப்பிடியில் எழுபது இருக்கவே இருக்காது, முப்பது இருந்தால் அதிகம் என்று என் கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கும் அவருக்குச் சர்க்கரை இறங்குவதற்கும் முடிச்சுப் போட எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கே, அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோதே தெரியும். அவரை எழுப்பிச் சொல்லியிருக்கலாம். தெருவைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, என்றைக்குச் சொன்னால் அவளுக்கு நன்றாக உறைக்கும் என்று யோசித்தேன். அந்த ஞாயிறு அவளுக்குக் கேன்டீனில் பெரிய சுத்தம், வரமாட்டாள். அடுத்த ஞாயிறு வழக்கம்போல எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். அவள் கண் முன்னாலேயே எண்பது கிராம் பார்லி எடுத்து, அவளுடைய தராசிலேயே நிறுத்து, வேகவைத்துத் தட்டில் கொட்டிக் காட்டுவது, கண்ணளவுக்காரியின் கண் என்னவென்று அவளுக்குப் புரியட்டும் என்று நினைத்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் பையில் சர்க்கரைக் கட்டி இருக்கிறது, ஒரு வாரம்தானே, ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிக்கொண்டேன். பையை மட்டும் தினமும் நானே நிரப்பி அனுப்பினேன்.

அந்த வாரத்தில் இரண்டு நாள் அவர் சாம்பல் நிற முகத்தோடு வீடு வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணியும் கூடவே வந்தாள். அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மேலே ஏறி இறங்குகிற ஆளுக்கு ஒரு டப்பா பற்றவில்லை, அதனால்தான் சோர்வு.

"நாளையிலேர்ந்து ரெண்டு டப்பா சாப்பிடு. எழுவதும் எழுவதும் நூத்திநாப்பது. பதினாலு யூனிட் போட்டுக்க. சாப்பிடுறதுக்குக் கணக்கு இல்லாம போகக்கூடாது."

எனக்குத் திக்கென்றது. நான் வாயைத் திறந்தேன். "அண்ணி, அந்த டப்பாவுல இருக்கிற பார்லி..." என்றதற்குள் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "கண்ணளவு பேசுற நேரமா இது" என்றாள். எனக்கு உச்சிவரைக்கும் சுர்ரென்று ஏறியது. சரி தாயே, நீயே பேசு, இன்னும் ஒரு நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை வரட்டும் என்று உள்ளே போய்விட்டேன். உள்ளே போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அக்காவிடம் சரி சரி என்று சொல்வது கேட்டது. அப்போதும் நான் வெளியே வரவில்லை.

மறுநாள் காலை அவரிடம் ஒரு டப்பாவே போதும் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் கிளம்பிவிட்டார். கைவேலை எதுவும் ஓடவில்லை. பாவாடைக்கு வெட்ட வேண்டிய துணியை இரண்டு முறை தப்பாக மடித்தேன். கடைசியில் எழுந்து, நாளைக்குக் காட்டுவதற்கு ஒத்திகை பார்க்கலாம் என்று பார்லியை எடுத்தேன். வீட்டுத் தராசில் எண்பது கிராம் நிறுத்தேன். கழுவி, தண்ணீர் ஊற்றி, அடுப்பில் வைத்தேன். முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அது வெந்து, பூரித்து, பாத்திரத்தில் பாதிக்கு வந்துவிட்டது. வடித்து நிறுத்தால் இருநூற்று நாற்பது. கழுவி வைத்திருந்த கேன்டீன் டப்பாவில் கொட்டினேன். விளிம்பு வரைக்கும் வந்து நின்றது, காய்க்கு இடமே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே சிரித்தேன். லேபிள் போட்ட பெண் வேகாத பார்லிக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். அண்ணி ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் வெந்த பார்லியை எண்பது நிறுத்துப் போட்டிருக்கிறாள். மூன்றில் இரண்டு பங்கு தண்ணீரை எடை போட்டுவிட்டு ஒரு கிராம் தப்பாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்திருக்கிறாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். பதினாலு வருஷத்துக்கு ஒரே போடு.

பதினாலு என்ற எண் மனசில் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. டப்பாவுக்கு முப்பது என்றால் இரண்டு டப்பாவுக்கு அறுபது. அறுபதுக்கு ஆறு யூனிட். அவர் போட்டிருப்பது பதினாலு. எட்டு யூனிட் வெறும் ரத்தத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டாக ஐந்து நிமிஷம்.

அவருடைய போன் பூட்டிய அலமாரிக்குள் இருக்கும், கேபினுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள். கேன்டீனுக்குப் போன் போட்டேன். பாத்திரம் கழுவுகிறவர் எடுத்து அவளைக் கூப்பிடப் போனார். எவ்வளவு நேரம் போனார் என்று எனக்குத் தெரியாது. தட்டுகள் மோதுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வந்து என்ன என்றாள்.

"அண்ணி, தாள்ல போட்ட எண்பது வேகாத எடை. நீங்க வெந்ததை நிறுத்துப் போட்டிருக்கீங்க. அவருக்கு எட்டு யூனிட் கூடப் போயிருக்கு."

மூச்சு உள்ளே போனது கேட்டது, அது வெளியே வந்தது கேட்கவில்லை. அப்புறம் போன் சுவரில் இடித்து ஆடுகிற சத்தம்.

நான் கதவைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றைக்கும் தெரியாது. தொழிற்சாலை எங்கள் தெருக்கோடியில்தான், ஓடினேன். வாசல் காவலாளி என்னைத் தடுக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு விலகினார். முற்றத்தில் எண்பது பேர் நின்றிருப்பார்கள். எல்லார் தலையும் மேலே. குழாய்க் கட்டு அந்தரத்தில் அசையாமல் நின்றது. நெம்புகோலிலிருந்து கை எடுத்தால் கிரேன் தானாக நின்றுவிடும், அந்த வகையில் கீழே யாருக்கும் ஒன்றும் இல்லை. கால் மணி நேரமாகப் பதில் இல்லை என்று சிக்னல்காரர் சொன்னார். அவருடைய வாக்கி-டாக்கியில் மூச்சு மட்டும் கேட்டது. கேபினில் பேசுகிற பொத்தான் மேல் என் வீட்டுக்காரர் சாய்ந்துவிட்டிருக்கிறார், அதனால் லைன் திறந்தபடியே இருந்தது. கொர் கொர்ரென்று, நடுவில் விட்டு விட்டு, ஒவ்வொரு தடவை விடும்போதும் என் மூச்சும் நின்றது.

மீட்புக் குழு முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கயிறும் படுக்கையுமாக வந்துகொண்டிருந்தது. அவள் காத்திருக்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஏணியில் பாதிக்கு மேல் ஏறியிருந்தாள். ஐம்பத்து மூன்று வயது, முழங்காலில் வலி, நாற்காலி மேல் ஏறவே பயப்படுகிறவள். ஏப்ரன் பையில் தேன் குப்பி தெரிந்தது. எங்கே தவறவிட்டாளோ, ஒரு காலில் செருப்பு இல்லை. மேலேயே பார்த்துக்கொண்டு ஏறினாள், ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கேபின் கதவு திறக்கிற சத்தம் வாக்கி-டாக்கியில் வந்தது. பிறகு அவள் மூச்சிரைப்பு. மயங்கிய ஆளின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, விரலில் தொட்டுக் கன்னத்தின் உள்பக்கம் தடவ வேண்டும், ஆஸ்பத்திரியில் அவள் கற்ற பாடம் அது. "தம்பி, தம்பி" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே தடவுகிறாள் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம் என்று சிக்னல்காரர்தான் பிறகு சொன்னார், பதினொரு நிமிஷமாம். எனக்கு அது ஒரு ஜென்மம்.

பிறகு அவர் குரல் வந்தது. குழறலாக, ஒன்பது வயதுப் பையன் குரலில்.

"நான் சரியாத்தான் போட்டேன்கா. ஏழும் ஏழும் பதினாலு. திருட்டுத்தனமா ஒண்ணும் திங்கல."

"தெரியும்டா கண்ணு. நீ சரியாத்தான் போட்ட. தப்பு என்னுது" என்றாள் அவள். அழுகிறாள் என்று தெரிந்தது. "வேற யாருதும் இல்லடா, என்னுது மட்டும்தான்."

லைன் திறந்திருப்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள். குழு மேலே போய் அவரைக் கட்டி இறக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். தப்பு என்னுதுடா, என்னுதுடா. எண்பது ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்கள். பதினாலு வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேனோ அதே வார்த்தை. அதை நிறுத்துங்கள் என்று சிக்னல்காரரிடம் கெஞ்சினேன். ஆள் இறங்குகிறவரை லைனை மூடக்கூடாதும்மா என்றார் அவர்.

அவர் பிழைத்துவிட்டார். இப்போது கீழே கருவிகள் வைக்கிற கிடங்கில் வேலை. கேபினுக்கு இனி ஏற முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சில பெயர்கள் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை, அதை அவர் சிரித்து மழுப்பிவிடுகிறார். மத்தியானத்தில் ஜன்னல் வழியாகக் கிரேனைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகச் சொல்கிறார்கள். விசாரணையில் அண்ணி தன் கையாலேயே எழுதிக் கொடுத்தாள், தாளைச் சரியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளாதது தன் குற்றம் மட்டும்தான் என்று. லேபிள் போட்ட பெண்ணைக்கூட அவள் இழுக்கவில்லை.

என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியாது. ஒரு கைப்பிடி பார்லியைத் தட்டில் ஒதுக்கிப் பார்த்துவிட்டு, எட்டு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன் என்று இதுவரைக்கும் ஒரு ஆளிடமும் நான் சொன்னதில்லை. இப்போதுதான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இன்னமும் சாப்பிட வருகிறாள். வீட்டுக்கு வேறு யாராவது வந்திருந்தால் என் கையைப் பிடித்து இழுத்து அவர்கள் முன்னால் நிறுத்துவாள். "இவ மட்டும் அன்னைக்குப் போன் பண்ணலைன்னா என் தம்பி இல்ல. இவதான் காப்பாத்துனா" என்பாள், ஒவ்வொரு தடவையும் கண் கலங்கிவிடும். அவர்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டுவார்கள். நான் கையை விடுவித்துக்கொண்டு அடுத்ததைப் பரிமாறப் போய்விடுவேன்.